கால் பிடிக்கும் படம்

கதவு தடதடவென்று அதிர்ந்தது. தாட்சாயிணி திறந்தாள். தெருத் தலைவர் வீரராகவனும் அவர் பின்னால் ஏழெட்டு ஆண்களும் நின்றார்கள்.

"இன்னா படம்மா போட்டு வெச்சிகீறே? நாளைக்கு மகளிர் மன்றக் கண்காட்சியில அது இருந்துச்சுன்னா கொளுத்திடுவோம்!"

எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும் பாற்கடல் படம்தான். பெருமாள் சாய்ந்திருப்பார், தாயார் கால் பிடிப்பார். தாட்சாயிணி அதை மாற்றிப் போட்டிருந்தாள். அம்பத்தூர் ஃபேக்டரியில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த மனைவி கட்டிலில் சாய்ந்திருக்க, லுங்கி கட்டிய கணவன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"பொண்டாட்டி காலைப் புடிக்கிற ஆம்பளை எந்த ஊட்ல கீறான்?" என்று கத்தினார் வீரராகவன்.

"இதே திருமுல்லைவாயில்லதான் நைனா. நம்ம தெருவுல. ஜன்னல் தொறந்திருந்துச்சு. பார்த்துட்டு வந்துதான் வரைஞ்சேன். எந்த ஊடுன்னு சொல்லட்டா?"

ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் நின்ற பெரியவர் சின்னப்பையன் தொண்டையைச் செருமினார். "உடு தலைவரே, பொண்ணு ஏதோ ஆசையா வரைஞ்சிகீது."

"ஆமாமா, படம்தானே!" என்றார் பக்கத்தில் நின்ற முனியன் அவசரமாக.

வீரராகவன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "கண்காட்சியில வெச்சிக்கம்மா. எந்த ஊடுன்னு பேரு கீரு ஒண்ணும் வாணாம்." முதல் ஆளாக நடையைக் கட்டினார்.

தெரு காலியானதும் அண்ணி நாகவல்லி ஓடிவந்தாள். "எந்த ஊட்லடி பார்த்தே?"

தாட்சாயிணி தூரிகையைக் கையில் எடுத்தாள்.

"நான் எந்த ஊட்லயும் பாக்கல அண்ணி. இப்பதான் எல்லா ஊடும் தெரிஞ்சுது."