அதிபர் பேசவில்லை

இன்றைக்கு அவர் விடுதலையாகிவிடுவார் என்பது அந்த நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முன்னாள் அதிபர் வெண்டல் ஹாலோரன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால் அவருடைய மெய்க்காவலர் ரெனாட்டா. வெள்ளை மாளிகையில் இருந்த நாளிலிருந்து அவருடைய பாதுகாப்பு அவள் பொறுப்பு.

வெளியே மொன்டானாவின் பனி. உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடை.

நடந்ததை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஹாலோரன் அதிபராக இருந்தபோது அவருடைய மகன் கிளே குடித்துவிட்டு வண்டி ஓட்டி, சாலையோரம் நடந்துபோன ஒரு தச்சரை மோதிக் கொன்றான். அன்று மாலையே அதிபர் இந்த ஊர் போலீஸ் தலைவரான ஷெரிஃபுக்கு போன் செய்தார். வண்டியை ஓட்டியது யார் என்று தெரியவில்லை என வழக்கு மூடப்பட்டது.

அவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் மாநில போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். மூடியது மறுபடி திறந்தது. மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான். வழக்கை மூடவைத்த குற்றத்தை அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டுச் சிறை.

அவர் உள்ளே போகும் முன்பே வாஷிங்டனிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. அதிபர் தன் பதவியின் வேலையாகச் செய்த எதற்காகவும் அவர்மேல் வழக்குப் போட முடியாது. அதை ஜூரியின் முன் சாட்சியமாக வைக்கவும் கூடாது.

ஹாலோரனின் வழக்கறிஞருக்கு அது போதுமாக இருந்தது. தண்டனையை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டார். ஒரு ஷெரிஃபிடம் பேசுவது அதிபரின் வேலைதான் என்றார். போன் அரசாங்கத்துடையது, மேசை அரசாங்கத்துடையது, பேச்சைக் கேட்டதாகச் சாட்சி சொன்ன உதவியாளரும் அரசாங்க ஊழியர் என்றார். அந்தச் சாட்சியை எடுத்துவிட்டால் இந்த வழக்கில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மாநில அரசின் வழக்கறிஞர் பதில் சொன்னார். குரலில் உயிர் இல்லை.

இறந்துபோன தச்சரின் மனைவி லோர்னா டீக் கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள். தீர்ப்பு வாசிக்கப்படும்போது அங்கே இருக்க அவள் விரும்பவில்லை.

அப்போதுதான் ஹாலோரன் எழுந்தார்.

வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

தன் மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

நீதிபதி சோல்பர்க் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். புரிந்துதான் பேசுகிறீர்களா என்று கேட்டார். திரும்பப் பெற்றால் இன்றே, இங்கிருந்தே சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றார்.

"தெரியும்மா. அந்த நாற்காலியில உட்கார்ந்துதான் பேசினேன். ஆனா அன்னைக்குப் பேசினது அதிபர் இல்ல. கிளேவோட அப்பன்."

எத்தனையோ நாட்டுத் தலைவர்கள் அவர் வரும்போது எழுந்து நின்றதை ரெனாட்டா பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது கோட்டு தொளதொளவென்று தொங்க, கூன் விழுந்த முதுகோடு நிற்கிற இந்தக் கிழவரைப் பார்க்கையில் உடம்பு சிலிர்த்தது.

நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் கொடுத்த கதவு திறந்தே கிடந்தது. அவர் அதன் வழியாகப் போக மறுத்துவிட்டார்.

லோர்னா எழுந்து நின்றாள். ஆனால் வெளியே போகவில்லை.

தண்டனை அப்படியே நிலைக்கும் என்றார் நீதிபதி. அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றே இறங்கியிருந்தது.

பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் உள்ளூர் போலீஸ்காரர் விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். ஹாலோரன் தானே இரண்டு கைகளையும் நீட்டினார்.

ரெனாட்டா கூடவே நடந்தாள். சிறைக்குப் போனாலும் முன்னாள் அதிபருக்குக் காவல் உண்டு.

கதவருகே போலீஸ்காரர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹாலோரன் திரும்பாமலே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அந்தத் தகவலைக் கொடுத்தது நீதானே, ரெனாட்டா. எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

அன்று மாலை அதிபரின் அறைக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. வெளியே காவலுக்கு நின்றவள் அவள். தகவல் கொடுத்ததைத் தன் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

ஒவ்வொரு வருடமும் காவலர்களை மாற்றும்போது, யாரை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ரெனாட்டா மட்டும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர்தான்.