இரண்டு விரற்கடை

"திரும்பவும் கேக்கறேன். பால்ல என்ன கலந்தே?"

"பாலைத்தான் கலந்தேன்."

"பால்ல யாராவது பாலைக் கலப்பாங்களா?"

"கேள்வி அந்த லட்சணத்துல இருந்தா பதிலும் அப்படித்தான் இருக்கும்." மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அவன் கண்ணாடி முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றான். பேன்ட்டின் கொக்கிக்கும் அது மாட்ட வேண்டிய வளையத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. போன வாரமும் இதே இரண்டு விரற்கடைதான், யாரோ அளந்து வைத்தாற்போல.

அது கப்பல் கம்பெனி அனுப்பிய யூனிஃபார்ம். ஹோட்டல் விருந்து ஹாலில் பரிமாறுகிறவனுக்கு உல்லாசக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. "இதுக்கு மேல சைஸ் கிடையாது. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை இதைப் போட்டுக்கிட்டு வந்து நில்லுங்க. பத்தலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுப்போம்" என்று ஃபோனில் சொல்லிவிட்டார்கள்.

கடலைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தவன் அவன். தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினால்கூட நின்று வேடிக்கை பார்ப்பான். ஹோட்டலில் அவனுக்குப் பெயரே மாலுமி.

உடம்பு இளைக்கப் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சோளச் செதில் டப்பாவை வாங்கி வந்தவள் மனைவிதான். காலையும் மதியமும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம், ராத்திரி மட்டும் சாப்பாடு. 'எடை மெஷின் எதற்கு? ஒரே மாதத்தில் உங்கள் பேன்ட்டே சொல்லும்' என்று டப்பா மேல் பெரிதாகப் போட்டிருந்தது.

"கப்பல்ல ஒன்பது மாசம்தானே? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். தைரியமா போயிட்டு வாங்க" என்று முதல் கிண்ணத்தில் பாலை ஊற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

சருகு மாதிரி இருந்ததை அவன் வாய் பேசாமல் மென்றான். பேன்ட்டும் வாய் திறக்கவில்லை.

சந்தேகம் முதலில் பால் மேல் விழுந்தது. கொழுப்பு எடுத்த பாலாகப் பார்த்து அவனே வாங்கி வந்து, அவனே காய்ச்சினான்; கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது மட்டும் அவள். அதற்கும் பலன் இல்லை. இவள் சர்க்கரையைப் பொடித்து டப்பாவில் கலக்கிறாளோ என்று தோன்றியது. டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பொண்டாட்டி நகையை வெளியில வச்சுட்டு இதை உள்ள வச்சுப் பூட்டற ஒரே ஆம்பளை நீங்கதான்" என்றாள்.

சிரித்தாள்தான். ஆனால் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது போலிருந்தது அவனுக்கு.

ஹோட்டலில் வேறு தொல்லை. "யோவ் மாலுமி, கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சே! வீட்டுல சோறு போடறாங்களா இல்லையா?" என்றார் சமையல் மாஸ்டர். கிண்டல் செய்கிறார் என்று அவரை முறைத்துவிட்டு வந்தான். ஹோட்டல் பேன்ட்டைக் கேட்டும் பிரயோஜனமில்லை. அது எலாஸ்டிக் வைத்தது, யார் போட்டாலும் ஒத்துப்போகும்.

அன்றைக்கே சூப் பரிமாறும்போது கல்யாண மோதிரம் கழன்று கிண்ணத்துக்குள் விழுந்தது. விருந்துக்கு வந்த பெரியவர் அதைக் கரண்டியால் எடுத்துக் கொடுத்து, "உப்பு கம்மிதான். ஆனா தங்கம் போடுவீங்கன்னு எதிர்பாக்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வழுக்கத்தானே செய்யும்?" என்றாள். மெஷினில் கோத்திருந்த கருநீல நூலையே இழுத்து அறுத்து, மோதிரத்தின் அடியில் சுற்றி இறுக்கிக் கொடுத்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் போய் நிற்க வேண்டும். அவன் மூச்சை விட்டான். கொக்கி இன்னும் தள்ளிப் போனது.

"ஊர்ல இருக்கற பேன்ட்டையெல்லாம் பிரிச்சுத் தைக்கறியே, இதையும் கொஞ்சம் பிரிச்சு விட்டா என்ன?" துணிக்கடைக்கு ஆல்டரேஷன் செய்து கொடுப்பதுதான் அவள் வேலை.

"உள்ள துணியே விடல. பேருதான் பெரிய கம்பெனி, கஞ்சப் பசங்க." சொல்லிக்கொண்டே எழுந்தாள். "பால் தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்."

சண்டை போடும்போதுகூட நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறவள் இன்றைக்குக் கதவைப் பார்த்துப் பேசினாள். அதுதான் அவனை உறுத்தியது. பேன்ட்டைக் கழற்றி உட்புறத்தை வெளியே திருப்பினான்.

உள்ளே துணி இருந்தது. இரண்டு பக்கமும் தாராளமாக மடித்துத் தைத்திருந்தது. பக்கத்திலேயே, பிரித்த பழைய தையல்களின் ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கொஞ்சம் கொஞ்சமாக, வாரா வாரம் உள்ளே நகர்ந்து வந்திருந்தது தையல். நூல் கருநீலம். அவன் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தான்.

பிளேடால் அந்தக் கருநீலத் தையலை மட்டும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டான். மூச்சைப் பிடிக்காமலே கொக்கி மாட்டிக்கொண்டது. இடுப்புக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் பால் பாக்கெட்டோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்?"

"போகாதீங்கன்னு நான் சொன்னா நீங்க நின்னுடுவீங்க. அப்புறம் காலம் பூரா என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் கடல்தான் ஞாபகம் வரும். பேன்ட் பத்தலன்னா உங்க கோவம் பேன்ட்டோட போயிடுமேன்னு..."

உள்ளே வந்து, மெஷின் மேலிருந்த நூல்கண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

"நாளைக்கு அவங்ககிட்ட, பத்தலன்னே சொல்லிடுங்களேன்."