ஒரு கூரை, இரண்டு வீடு

எட்வின் ஹாலெட் தன் வீட்டை விற்க நினைத்ததற்கு ஒரே காரணம், பக்கத்து வீட்டு ஹெஸ்டர் லவெல்.

பக்கத்து வீடு என்று சும்மா சொல்கிறோம். இங்கிலாந்தில் டார்செட் பக்கத்து அந்தக் கிராமத்தில், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் நீளமாக ஒரே கூரையைப் போட்டு, நடுவில் ஒரு மண்சுவர் எழுப்பி, இரண்டு வீடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இந்தப் பக்கம் இவர் தும்மினால் அந்தப் பக்கம் அந்தம்மா சுவரைத் தட்டுவார்.

இவருக்கு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்தம்மாவுக்குக் கணவர் போய்விட்டார். இருவருக்கும் நடுவே பேச்சும் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

தகராறு ஆரம்பித்ததே கூரையில்தான். ஒரு வார்த்தை சொல்லாமல், தன் பாதிக்கு மட்டும் புது நாணல் வாங்கி வேய்ந்துகொண்டார் ஹாலெட். அந்தம்மா பாதி பழைய கோதுமை வைக்கோல். தெருவில் போகிறவர்களுக்கு, பாதித் தலை மட்டும் முடி வெட்டிக்கொண்ட ஆள் மாதிரி தெரியும். போதாக்குறைக்கு, இரண்டும் சேர்கிற இடத்தில் ஒழுகி, தண்ணீர் நேராக அந்தம்மா கட்டிலில். அன்றிலிருந்து ஒருவர் கதவிடுக்கில் ஒருவர் திட்டி எழுதின சீட்டைத் தள்ளுவதுதான் இருவருக்கும் பொழுதுபோக்கு.

இந்த முகத்தில் இனி விழிக்க முடியாது என்று ஹாலெட் விளம்பரம் கொடுத்தார். பழங்கால வீடு, மர உத்தரங்கள், ரோஜாத் தோட்டம், அமைதியான சூழல். கடைசி இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு ஊர் மதுக்கடையில் ஒருவருக்குப் புரையேறிவிட்டதாம்.

வக்கீல் மிஸ் கார்பெட், வீடு விற்கிறவர் நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவத்தை நீட்டினார்.

"அண்டை வீட்டாரோட தகராறு உண்டான்னு கேட்டிருக்கு. உண்மையைத்தான் எழுதணும், மிஸ்டர் ஹாலெட். மறைச்சா, வாங்கினவங்க நாளைக்கு உங்க மேலயே வழக்குப் போடுவாங்க."

"உண்டுன்னு எழுதினா?"

"அப்ப யாரு வாங்குவா?"

இருந்து தீர்ந்துபோன தகராறு என்றால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நிஜமாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்றார் வக்கீல்.

மறுநாள் காலை ஹாலெட் நன்றாகச் சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஹெஸ்டரின் கதவைத் தட்டினார். நடந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார்.

ஹெஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், உடம்புக்கு ஏதாவது?"

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நிரூபிக்க ஹாலெட் கூரை வேய்கிறவரைக் கூட்டிவந்து ஒழுகலை அடைத்தார். அந்தம்மாவின் விறகைச் சுமந்துகொண்டுபோய் உள்ளே அடுக்கினார். பதிலுக்கு, அந்தம்மா கையால் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரம் ஒன்று வந்தது. போகப் போக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அங்கேயே என்றாகிவிட்டது. மிஸஸ் லவெல் என்று நீட்டி முழக்க வேண்டாம், ஹெஸ்டர் என்றே கூப்பிடலாம் என்று உத்தரவும் கிடைத்தது.

"எல்லாம் வீடு விக்கிற வரைக்கும்தான்" என்று வக்கீலிடம் கண்ணடித்தார் ஹாலெட்.

ஏழு மாதம் ஓடியது. லண்டனிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். உத்தரத்தில் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்ட பிறகும் அந்த மனுஷன் வீட்டைப் புகழ்ந்துகொண்டே இருந்தான். விலையும் படிந்தது. பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

அரை மணி நேரம். ஹாலெட் ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடித்தார். வெளியே வந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் மிஸ் கார்பெட் போன் செய்தார். அவர்களுக்கு வீடு வேண்டாமாம். பக்கத்து வீட்டு அம்மாள் பதினோரு வருஷத்துச் சீட்டையும் தேதிவாரியாக அடுக்கிக் காட்டினாராம். இப்படிப்பட்ட ஆள் கைவைத்த கூரையை நம்பாதீர்கள் என்றாராம்.

பழி வாங்கிவிட்டாளே என்று ஹாலெட்டுக்குத் தலை கொதித்தது. வீட்டுக்குள் போடுகிற செருப்போடேயே பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"ஏழு மாசமா நமக்குள்ள ஒரு சண்டை உண்டா?"

"இல்லை."

"கூரை ஒழுகுதா?"

"சொட்டு ஒழுகலை. உட்காருங்க, எட்வின்."

"அப்புறம் எதுக்கு?"

ஹெஸ்டர் நிதானமாகத் தேநீரை இரண்டு கோப்பையில் ஊற்றினார். நடிக்கிறீர்கள் என்று முதல் நாளே தெரியும், அந்தப் படிவத்தில் என்ன கேட்பார்கள் என்று ஊருக்கே தெரியுமே என்றார். பிறகு கேட்டார்: "சரி, வீட்டை எதுக்கு விக்கறீங்க?"

'உன்னாலதான்' என்று சொல்லத்தான் ஹாலெட் வாயைத் திறந்தார். தனக்கென்று ஊற்றி வைத்திருந்த இரண்டாவது கோப்பை கண்ணில் பட்டது. எதிரே இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அதுக்காக, வெளியாளுங்ககிட்ட என்னை அவ்வளவு கெட்டவன்னா சொல்றது?"

"நல்லவர்னு சொல்லியிருந்தா வீட்டை வாங்கியிருப்பாங்களே. ஞாயித்துக்கிழமை நான் யாரோட சாப்பிடறது?"