பின்சீட்டு மார்க்

“வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்குத்தான் ஒன்பதாவது நாள். அதுக்குள்ள கார் பார்க்கக் கிளம்பணுமாப்பா? ஷோரூம் எங்கேயும் ஓடிடாது!”

மகள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஹாஸ்டலிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்தவள். படிப்பது புள்ளியியல். வாயைப் பார்த்து அப்பா வைத்த பெயர் வக்கீலம்மா.

“ஷோரூம் ஓடாதுதான். ஆனா இந்த வாரமே பார்த்தாகணும்.” அப்பா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“நானும் வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே?” என்றாள் அம்மா.

வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கார் ஓட்டுவது அம்மா மட்டும்தான். பிரசவ வார்டு நர்ஸ். இருபது வருஷமாக அந்தப் பழைய குட்டிக் காரில்தான் டூட்டிக்குப் போய் வருகிறாள். அப்பாவுக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம். ஓட்டத் தெரியாதவர் கார் தேர்ந்தெடுக்கிறாராம்!

ஷோரூமில் இரண்டு எஸ்.யு.வி.கள் தயாராக நின்றன. ஒன்று நடுத்தர அளவு. இன்னொன்று மூன்று வரிசை சீட்டோடு நீளமாய், அகலமாய்.

சேல்ஸ்மேன் சாவியை நேராக அப்பாவிடம் நீட்டினார்.

“ஓட்டப் போறது அவங்க சார்.” மகள் அதைப் பிடுங்கி அம்மா கையில் வைத்தாள்.

முதலில் சின்ன வண்டி. அம்மாவுக்குப் பக்கத்தில் சேல்ஸ்மேன். பின்னால் அப்பாவும் மகளும்.

சந்து பொந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. யு டர்ன் ஒரே ஒடிப்பில் முடிந்தது. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. “சொன்ன பேச்சு கேக்குதுங்க!”

“சரி, ஷோரூமுக்குப் பின்னால குண்டும் குழியுமா ஒரு ரோடு வந்துதே, அதுல விடு,” என்றார் அப்பா.

“சார், அந்த ரோடு வேணாமே...” சேல்ஸ்மேன் நெளிந்தார்.

“அதுதான் வேணும்.”

முதல் வேகத்தடையிலேயே வண்டி தூக்கிப் போட்டது.

“எவ்வளவு?” அம்மா கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

“எட்டு.”

அடுத்து ஒரு குழி. “எவ்வளவு?”

“ஏழு.”

இன்னும் இரண்டு குழி. இரண்டுக்கும் எட்டு.

மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓட்டத் தெரியாத மனுஷன், ஓட்டுகிறவளுக்கு மார்க் போடுகிறார்! அதை அம்மாவும் வெட்கமில்லாமல் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மார்க்கையும் போனில் குறித்தாள். ஆதாரம் இல்லாமல் சண்டை போடும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அடுத்து பெரிய வண்டி. யு டர்னுக்கு அம்மா இரண்டு தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. வளைவில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சந்துக்குள் நுழையும்போது நெற்றியில் வியர்வை.

“வீட்டையே ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றாள்.

மறுபடி அந்தப் பாழாய்ப் போன ரோடு.

“அதே வேகத்துல போ. கூட்டாதே, குறைக்காதே,” என்றார் அப்பா.

இந்த முறை வண்டி லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

“எவ்வளவு?”

“மூணு.” அப்புறம் இரண்டு. மறுபடி மூன்று, மூன்று.

ஷோரூமுக்குத் திரும்பியதும் அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். “பெருசுதான்.”

அம்மாவும் தலையாட்டினாள்.

“ஒரு நிமிஷம்!” மகள் போனை நீட்டினாள். “சின்ன வண்டிக்கு சராசரி ஏழே முக்கால். பெரிய வண்டிக்கு ரெண்டே முக்கால். எல்லாம் நீங்க போட்ட மார்க்குதாம்ப்பா. ஃபெயிலான வண்டியை வாங்கறது எந்த ஊர் நியாயம்? ஓட்டறவளுக்குப் பிடிச்சது சின்னது. பின்னாடி சாய்ஞ்சுக்கிட்டு வர்ற ராஜாவுக்காக அவ தினம் சந்துல மல்லுக்கட்டணுமா?”

சேல்ஸ்மேன் நைசாக நழுவி, பளபளத்த காரையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “ஐயோ, சிரிக்க வைக்காதேம்மா... இது பத்து!”

“என்னது பத்து?”

“மார்க் இல்லடி அது. வலி,” என்றாள் அம்மா. “பத்துக்கு எவ்வளவு வலிக்குதுன்னு வார்டுல நாங்க தினம் கேக்கற கேள்வி.”

மகள் போனில் குறித்த எண்களை மறுபடி பார்த்தாள்.

“சிசேரியன் ஆனவங்க சில பேர், டிஸ்சார்ஜ் ஆகியும் வீட்டுக்குப் போக வண்டியில்லாம கைக்குழந்தையோட வாசல்லயே நிப்பாங்க. டூட்டி முடிஞ்சு வர்றப்போ நான்தான் ஏத்திட்டுப் போய் விடறேன். போன மாசம் ஒரு பொண்ணு, ஒவ்வொரு குழிக்கும் உதட்டைக் கடிச்சுக்கிட்டே வந்தா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அதைத்தான் உங்கப்பாகிட்ட சொன்னேன்.”

“ஆனா பெரிய வண்டி உனக்குக் கஷ்டமா இருந்துதேம்மா?”

“திரும்பறதுக்கு நான் பழகிக்குவேன். தையல் போட்ட வயிறு குழிக்குப் பழகுமா?”

வக்கீலம்மா போனை மெல்லப் பைக்குள் போட்டாள். ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“சரிப்பா. உங்க தையல் நல்லா ஆறினப்புறம் நிதானமா வந்திருக்கலாமே? இந்த வாரமே வரணும்னு என்ன அவசரம்?”

அப்பா வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

“ஆறிட்டா, எந்த வண்டி வலிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும் வக்கீலம்மா?”