எதிர்க்கடையைவிட ஒன்று கூட

“எதிர்க்கடைக்கு எத்தனை கேமரா போட்டீங்க?”

“எட்டு, முதலாளியம்மா.”

“எனக்கு ஒன்பது போடுங்க.”

காவல் கருவிகள் பொருத்தும் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெங், கடையை ஒரு சுற்றுப் பார்த்தான். நகைக்கடைதான். ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

“இதுக்கு அஞ்சே தாராளம்மா. ஒன்பது போட்டா ஒரு கேமராவை இன்னொரு கேமராதான் பாத்துக்கிட்டிருக்கும்.”

“பாத்துக்கட்டும்.”

முதலாளியம்மா பி-ஷியாவின் மேஜையில் மூன்று கம்பெனிகளின் மதிப்பீடுகள் கிடந்தன. ஒரு கம்பெனி முதல் மாதம் இலவசம் என்றது. இன்னொரு கம்பெனி ஆள் அன்னாசிக் கேக் பெட்டியோடு வந்து கும்பிட்டுப் போனார். இரண்டையும் அவள் ஒதுக்கிவிட்டாள். எதிர்க்கடை யூ-லானுக்கு எந்தக் கம்பெனியோ, தனக்கும் அதேதான். அவளுக்கு என்ன உண்டோ, அதைவிட ஒன்று கூட.

தைவானின் ஜியாயி நகரத்து அந்தத் தெருவில் இரண்டு கடையும் ஒரே வருஷம் திறந்தவை. கோயில்காரர்கள் மாத்சு அம்மனுக்குத் தங்கப் பதக்கம் செய்யும் வேலையை யூ-லானிடம் கொடுத்தார்கள். அன்று அவளிடம் பேச்சை நிறுத்தியவள்தான் பி-ஷியா. நாலு வருஷம் ஆயிற்று. ரோந்துப் போலீஸ்காரர் முதலில் அந்தக் கடை நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வருவதுகூட அவளுக்கு வயிற்றெரிச்சல்.

“திருடன் நுழைஞ்சா வெள்ளைப் புகை அடிக்குமே, அந்த மெஷின்ல பெருசு இருக்கா?”

“இருக்கு. ஆனா புகை தெருவுக்கு வந்துடும்.”

“எதிர்க்கடை வரைக்கும் போகுமா?”

பெங் இருமிக்கொண்டான்.

“ரெட்டைக் கதவும் வேணும். வெளிக்கதவு மூடினாத்தான் உள்கதவு திறக்கணும். அவளுக்குப் போட்டீங்கல்ல, போன மாசம் எட்டாம் தேதி. உங்க ஆள் ஒருத்தர்கூட ஏணியில வழுக்கினாரு. மத்தியானம் ஆறு பேருக்கும் வான்கோழிச் சோறு வாங்கிக் குடுத்தா. பெரிய மனசுக்காரின்னு ஊருக்குக் காட்டணும்ல?”

“அவ்வளவும் இங்கேருந்தே பாத்தீங்களா?”

“கண்ணு இருக்கு, தெரியுது. எழுதுங்க தம்பி.”

பெங் கையிலிருந்த பலகைக் கணினியில் ஒப்பந்தப் படிவத்தைத் திறந்தான்.

“அலாரம் அடிச்சு நீங்க கிடைக்கலேன்னா, அடுத்து யாரைக் கூப்பிடணும்? பத்து நிமிஷத்துல வரணும். கடைச் சாவி ஒண்ணு அவங்ககிட்ட இருக்கணும்.”

பி-ஷியா யோசித்தாள். கணவர் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் வான்கூவரில் இருந்தாள்.

“கொழுந்தன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட சாவி குடுக்கறதுக்குத் திருடன்கிட்டயே குடுத்துடலாம்.”

“பக்கத்துல நம்பிக்கையான ஆள் யாரும்…?”

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மனசுக்குள் ஒரு நடை போய் வந்தாள். எல்லோரிடமும் ஏதாவது ஒரு சண்டை இருந்தது. தனக்கென்று எழுத ஒருவர் பெயர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அந்த இடத்தைக் காலியா விடுங்க.”

“விட்டா ஒப்பந்தமே பதிவாகாதும்மா.”

“எதிர்க்கடைக்காரிக்கு அந்தக் கவலையே இல்ல. மூணு மாப்பிள்ளை. மூணும் இந்த ஊர்லயே.” குரலில் பொறாமை கசிந்தது. “சரி, முதல்ல என் விவரத்தைப் போடுங்க.”

செல்போன் எண்ணைச் சொன்னாள். தட்டிய பெங் நெற்றியைச் சுருக்கினான்.

“இந்த நம்பர் ஏற்கெனவே எங்க பதிவுல இருக்கே.”

“நான் எந்தக் கம்பெனியிலயும் சேரலியே.”

“யூ-லான் அம்மா கடைப் படிவத்துல இருக்கு. அவங்க கிடைக்கலேன்னா கூப்பிட வேண்டிய ஆள், நீங்க. சாவியையும் உங்ககிட்டக் குடுத்துட்டு நானே சொல்லிக்கறேன்னாங்க. சொல்லலியா?”

பி-ஷியாவுக்கு முகம் சுட்டது. போன வாரம் யூ-லான் தெருவைக் கடந்து வாசல்வரை வந்தாள். இவள்தான் பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டாள்.

“என் பேரா? மூணு மாப்பிள்ளை இருக்கும்போதா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘மாப்பிள்ளைங்களுக்கு என் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்னே தெரியாது. எதிர்க்கடை பி-ஷியா, இருபத்தாறு வருஷமா என் கடையிலேருந்து கண்ணை எடுத்ததே இல்ல. அவளைவிட எனக்கு வேற யாரு இருக்கா’ன்னாங்க.”