சர்வர் டவுன்

“சர்வர் டவுன், மாரிக்கண்ணன். நாளைக்கு வாங்கோ.”

வேங்கடசுப்ரமணியன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

மாரிக்கண்ணனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. நேற்றும் இதே பதில்தான். முந்தாநாளும் இதே பதில்தான். தாராவியில் தோல் பை தைக்கிற மிஷினை நிறுத்திவிட்டு, மாட்டுங்கா வரைக்கும் வெயிலில் நடந்து வருபவனுக்குத்தானே தெரியும் அந்த அவஸ்தை?

“என்ன சார் இது, தெனமும் டவுனு டவுனுங்கிய! காலிபீலி, சும்மானாச்சும் ஒரு மனுசனை இப்படியா அலைய விடுவாக?”

“நான் என்ன பண்றது? கம்ப்யூட்டர் சமாசாரம்.”

பங்கு, ஃபண்டு என்று போட்டுக் கொடுக்கும் சின்ன புரோக்கர் ஆபீஸ் அது. தாராவி ஜனங்கள் பலர், கை கால் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்று மாதம் ஐந்நூறு, ஆயிரம் இவரிடம்தான் போட்டு வருகிறார்கள். சட்டென்று ஏறுகிற பங்கு ஏதாவது கேட்டால், “அதெல்லாம் நமக்கு வேண்டாம்” என்பார். போடுவதும் எடுப்பதும் இவர் மூலம்தான். போடப் போனால் உட்காருவதற்குள் வேலை முடிந்துவிடும். எடுக்கப் போனால்தான் சர்வர் டவுன்!

“சார், இன்னிக்குச் சொன்னாத்தான் வெள்ளிக்கிழமை பேங்குல விழும். சனிக்கிழமை நோட்டீசு அச்சுக்குப் போவுது.”

“என்ன நோட்டீஸ்?”

“ஊர்ல அம்மன் கோயில் கொடை, திருவிழா. அன்னதானம் முழுக்க என் செலவுன்னு சொல்லிட்டேன். நோட்டீசுல மொத பேரு நம்ம பேரு!” சொல்லும்போதே மாரிக்கண்ணனின் நெஞ்சு நிமிர்ந்தது. “பக்கத்துப் பட்டறை பூலோகம் இருக்கானே, மேளம், வில்லுப்பாட்டு, சீரியல் செட்டு எல்லாம் தன் செலவுன்னு பீத்திக்கிட்டுத் திரியுதான். பம்பாய்ல அவன் ஒருத்தந்தான் சம்பாதிக்கானா?”

“போன மாசம் கண்ணு டாக்டர்கிட்ட போனேளே, என்ன சொன்னார்?”

“சுகரு கண்ணைத் தொட்டுட்டாம். இன்னும் கொஞ்ச வருசந்தான் மிஷின்ல உக்கார முடியும்னாரு. அதுக்கும் இதுக்கும் என்ன சார்?”

“சும்மா கேட்டேன். சர்வர் டவுன்.”

மாரிக்கண்ணன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவன் தெருவிலேயே இட்லி விற்கும் செண்பகவல்லி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“சார், அவுகளை ஆஸ்பத்திரியில சேத்துருக்கேன். திங்கக்கிழமை ஆபரேசன். என் பேர்ல இருக்கறதை எடுத்துருங்க.”

“பதட்டப்படாம உக்காரும்மா.” வேங்கடசுப்ரமணியனின் விரல்கள் பரபரவென்று கீபோர்டில் ஓடின. “போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு... ம். ஆச்சு. வெள்ளிக்கிழமை விழுந்துடும். அதுக்கு முன்னாடி ஏதாவது வேணும்னா எனக்கு போன் பண்ணு, கூச்சப்படாதே.”

அவள் கும்பிட்டுவிட்டு ஓடினாள். மாரிக்கண்ணன் எழுந்தே விட்டான்.

“இப்ப மட்டும் எப்படி ஓடுச்சு? அந்த அக்காவுக்கு சர்வர் இருக்கு, எனக்கு இல்லையா?”

“உங்களுக்கு டவுன்தான்.”

“இது என்ன அநியாயமா இருக்கு! என் பணம் சார் அது!”

“உங்க பணம் இல்லை. கண்ணு மங்கி ஆத்துல உக்காரப்போற மாரிக்கண்ணனோட பணம். அவர் வந்து கேட்டா அந்த நிமிஷமே எடுத்துத் தரேன்.”

“இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். நான் மேல கம்ப்ளெயின்ட் குடுப்பேன்!”

“பேஷா குடுங்கோ.”

இந்த மனுஷனை என்னதான் செய்வது? சர்வர் வருகிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை என்று மாரிக்கண்ணன் கதவோரம் இருந்த நாற்காலியில் போய் விறைப்பாக உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வந்தது பூலோகம்!

பேசினால் நாலு பட்டறைக்குக் கேட்கிற ஆள். இப்போது குரலே எழும்பவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த மாரிக்கண்ணனை அவன் கவனிக்கவும் இல்லை.

“சார்... என் கணக்குல இருக்கறது பூராத்தையும் எடுத்துருங்க.”

“பூராவுமா? எதுக்கு?”

“கொடைக்குச் செலவு பண்ணுதேன்னு வாய விட்டுட்டேன். அந்த மாரிக்கண்ணன் பய அன்னதானத்தையே எடுத்துக்கிட்டான். அவன் முன்னால நான் பின்வாங்க முடியுமா சார்?”

“உங்க கை எப்படி இருக்கு?”

தோல் வெட்டுகிற பூலோகத்தின் வலது கை மேஜைமேல் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தான். அப்படியும் நிற்கவில்லை. தெருவில் எப்போது பார்த்தாலும் பந்தாவாக ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அவன் நிற்பது ஏன் என்று மாரிக்கண்ணனுக்கு இப்போதுதான் புரிந்தது.

வேங்கடசுப்ரமணியன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அதற்குள் கதவோரத்திலிருந்து சத்தம் வந்தது.

“சர்வர் டவுன்டே பூலோகம். எனக்கும் எடுக்க முடியல. கொடை முடிஞ்சுதான் வருமாம்.”