அயலவர் ஒருவர்

"உந்த அயலவருக்கு வேற வேலையே இல்லையாப்பா?"

ஜெயமலர் கீபோர்ட்டில இருந்து கையை எடுத்திட்டுப் புருசனைப் பார்த்தா.

இராஜரட்ணம் நடத்தின தமிழ்ப் பேப்பர் நிண்டு கனகாலம். பழைய செய்தியளை இன்ரர்நெட்டில ஏத்த வேணுமெண்டு புருசனும் பெண்சாதியும் ஸ்காபரோவில, பலசரக்குக் கடைக்கு மேல இருக்கிற பழைய பேப்பர்க் கந்தோரில குந்தியிருக்கினம்.

"பார்க்டேல்ல நெருப்புப் பிடிச்சா அயலவர் ஒருவர் அணைக்கிறார். மோர்னிங்சைட்டில கலியாணம் குழம்பினா அயலவர் ஒருவர் காரணம் சொல்லுறார். கவுன்சிலரையும் அயலவர் ஒருவர் புகழுறார். டொரன்ரோ முழுக்க ஒரே ஆள்தான் வாடகைக்கு இருந்தவரோ?"

"நெருப்பு அணைச்சது உண்மையான அயலவர். கலியாணக் கதை சொன்னது பொம்பிளையின்ர தாய்மாமன். பேர் போட்டா மனிசனுக்கு அடி விழும்."

"கவுன்சிலர்?"

"அது நான்தான். பக்கம் நிரம்பேல்லை."

"கடவுளே! நான் கட்டினதும் ஒரு அயலவரைத்தானோ!"

படியில தடதடவெண்டு சத்தம். கறுப்புக் கோட்டோட ஒரு பிள்ளை உள்ள வந்தா. முப்பது வயசுக்குக் கிட்ட இருக்கும். கதிரையைக் காட்டினாலும் இருக்கேல்லை. கார்த் திறப்பை விரலில சுத்திக்கொண்டே நிண்டா.

"அங்கிள், நான் துர்க்கா. எங்கட அப்பாவைப் பொலிஸ் பிடிச்ச நியூஸ் உங்கட பேப்பரிலதானே வந்தது?"

போனை நீட்டினா. பழைய பேப்பர்த் துண்டின்ர படம். 'அயலவர் ஒருவர் வழங்கிய தகவலின் பேரில், மனைவியைத் தாக்கிய கணவர் கைது.'

"ஆர் அங்கிள் இந்த அயலவர்?"

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் பிள்ளை?"

"பக்கத்து அப்பார்ட்மென்ற் பேர்ணடெற் அன்ரிதான் எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நான் அப்ப கிண்டர்காடின். அவ போன கிழமை செத்திட்டா. இண்டைக்கு வியூவிங், பெட்டியில வைச்சுப் பார்வைக்கு விடுகினம். அம்மா கட்டாயம் வா எண்டு அழுறா."

"போகலாம்தானே பிள்ளை?"

"எப்பிடிப் போறது? அண்டைக்குப் போன அப்பா திரும்பி வரவேயில்லை. ஒரு பேஸ்மென்ற் ரூமில தனியக் கிடந்து செத்தவர். அவர் அடிச்சது பிழைதான். அதுக்காக அடுத்த வீட்டுக் கதவுக்குக் காதை வைச்சுக்கொண்டு நிண்டு பொலிசைக் கூப்பிடுறதோ?" துர்க்கா ஜன்னலுக்குப் போனா, திரும்பி வந்தா. "அவ இல்லையெண்டா இப்பவே பூ வாங்கிக்கொண்டு போறன். அவதான் எண்டா அந்தப் பக்கமே போகமாட்டன். சொல்லுங்கோ."

ஜெயமலர் துர்க்காவின்ர முதுகுக்குப் பின்னால நிண்டு, 'இல்லையெண்டு சொல்லுங்கோ' எண்டு கண்ணால, கையால, கடைசியில வாயையும் அசைச்சுக் காட்டினா.

இராஜரட்ணம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டார்.

"ஓம் பிள்ளை. அவதான்."

"ஷுவரா?"

"இந்தக் கந்தோருக்கு வந்து, தான்தான் எண்டு தன்ர வாயால சொன்னவ."

சுத்தின திறப்பு நிண்டுது.

"தாங்ஸ் அங்கிள். நீங்களாவது உண்மையைச் சொன்னீங்க."

வந்த வேகத்தில படியிறங்கிப் போயிட்டா.

ஜெயமலர் பொரிஞ்சு தள்ளினா. "என்ன மனிசனப்பா நீங்க! கவுன்சிலருக்காகப் பொய் எழுதத் தெரிஞ்சுது. செத்த மனிசிக்காக ஒரு பொய் சொல்லத் தெரியேல்லையோ? அந்தப் பெட்டிக்கு ஒரு பூ போயிருக்கும். இண்டைக்கெண்டு பாத்துத்தானோ உங்களுக்கு உண்மை வர வேணும்?"

"நான் எங்க உண்மை சொன்னன்?"

"என்ன?"

இராஜரட்ணம் ஜன்னலால கீழ பார்த்தார். துர்க்கா காரைச் சுத்தி நடந்துகொண்டு நிண்டா.

"நீர் அப்ப இன்னும் கனடாவுக்கு வரேல்லை. பேர்ணடெற் இந்தப் படியேறி வரேக்க இடுப்பில ஒரு பிள்ளை. பிள்ளையின்ர காலில சப்பாத்தும் இல்லை. 'அண்ணை, பேப்பரில அயலவர் எண்டு போடுங்கோ. எப்ப ஆர் வந்து கேட்டாலும் என்ர பேரைச் சொல்லுங்கோ' எண்டா."

"அப்ப பொலிசுக்கு அவ போன் எடுக்கேல்லையோ? ஆர் எடுத்தது?"

கீழ கார் வெளிக்கிட்டுது. வியூவிங் இருக்கிற பக்கம் திரும்பேல்லை.

"தாய்க்கு அடி விழேக்க, பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுத்த பொலிஸ் நம்பரைக் கதிரையில ஏறி நிண்டு அடிச்சது, அந்த இடுப்பில இருந்த பிள்ளை. இப்ப காரில போறா."